திருகோணமலை வளவில் மரங்கொத்திக்குக் கமரா: கட்டை நடுவதில் இருந்து நேரலை வரை

மரங்கொத்தியைக் கமராவில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கமராவில் இருந்துதான் தொடங்குகிறார்கள். ஒன்றை வாங்கி மதிலில் பூட்டி, அதன் முன்னால் ஒரு தட்டில் பழமும் அரிசியும் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். காகம் வரும், அணில் வரும், புலுனிக் கூட்டம் வரும். மரங்கொத்தி மட்டும் வராது. கொஞ்ச நாளில் அந்தக் கமரா கேற்றைப் பார்க்கத் திரும்பிவிடும்.

வேலையின் ஒழுங்கு இதுதான்: பறவை எந்த மரத்துக்கு வருகிறது என்று பார்ப்பது, அங்கே ஒரு கட்டை நடுவது, இரை வைப்பது, பறவை பழகிய பிறகு கமரா பூட்டுவது, எல்லாம் சரிவந்த பிறகு நேரலை. பறவை கட்டையின் எந்தப் பக்கத்தில் இறங்கும் என்று தெரியாமல் கமராவுக்கு இடம் சொல்ல முடியாது. இடம் தெரியாமல் எந்த லென்ஸ் வாங்குவது என்றும் சொல்ல முடியாது.

1. தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டுப் புத்தகம், காய்ந்த மரக்கட்டை ஒன்று, துளையிடும் ட்ரில், கட்டையைச் சுற்றி அடிக்கத் தகரம் போதும். இவற்றோடு முதல் மாதம் ஓடிவிடும். கமரா, வயர், மெமரி கார்ட் எல்லாம் அப்புறம்.

இன்னும் ஒன்று வேண்டும்: வீட்டாரின் சம்மதம், அத்தோடு பக்கத்து வீட்டாருக்கு ஒரு வார்த்தை. எங்கள் வளவுகளில் கிணத்தடி திறந்த வெளியில் இருக்கும். கமரா என்றதும் அயலில் முதலில் எழும் கவலை அதுதான், நியாயமான கவலை. கமரா பூட்டிய பிறகு விளக்கம் சொல்வதைவிட, கட்டை நடும்போதே அவர்களைக் கூப்பிட்டு எந்தத் திசையைப் பார்க்கப்போகிறது என்று காட்டிவிடுங்கள்.

2. உங்கள் வளவுக்கு வருவது எந்த மரங்கொத்தி

இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. கட்டையின் தடிப்பு, இரை, கமராவின் தூரம் மூன்றுமே பறவையின் அளவைப் பொறுத்தவை.

நகரத்திலும் உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கத்துத் தென்னை வளவுகளிலும் அதிகம் காண்பது மைனாவைவிடக் கொஞ்சம் பெரிய, 28 சென்ரிமீற்றர் அளவுள்ள மரங்கொத்தி. யாழ்ப்பாணம், வன்னிப் பக்கம் இதன் முதுகு பொன்மஞ்சள். தெற்கே போனால் முதுகு இரத்தச் சிவப்பு. அந்தச் செம்முதுகுப் பறவை இலங்கைக்கே உரியது. இரண்டும் சந்தித்துக் கலக்கும் பகுதியில்தான் திருகோணமலை இருக்கிறது. அதனால் செம்மஞ்சள், தோடம்பழ நிறம், மஞ்சளில் சிவப்புத் திட்டு என்று இடைப்பட்ட முதுகுள்ள பறவைகளையும் இங்கே காணலாம். புத்தகப் படத்தோடு உங்கள் பறவை ஒத்துவராவிட்டால் கமராவின் நிறத்தைக் குறை சொல்ல வேண்டாம். இந்த ஊரில் இருந்துகொண்டு பார்ப்பதன் பெரிய பேறே அந்தக் கலப்பு நிறம்தான். ஒவ்வொரு பறவையின் முதுகையும் கவனித்து எழுதிவைப்பது வீண்போகாத வேலை.

ஆண், பெண் பிரிப்பது எளிது. ஆணுக்கு நெற்றியில் இருந்து கொண்டை வரை முழுச் சிவப்பு. பெண்ணுக்கு நெற்றிப் பக்கம் கறுப்பில் வெள்ளைப் புள்ளி, பின் கொண்டை மட்டும் சிவப்பு.

சொண்டு தந்தம் போல வெளிறியிருந்தால் அது வேறு இனம், பெரிய செம்முதுகு மரங்கொத்தி. பின்கழுத்து வெள்ளையாக இருந்தால் வெண்பிடரி மரங்கொத்தி. சிட்டுக்குருவி அளவில், மண்நிறத் தலையோடு சின்னக் கிளைகளில் ஓடித் திரிவது குட்டி மரங்கொத்தி. அது தடித்த கட்டையைத் தேடி வருவது அரிது. அதற்குக் காய்ந்த கிளைகளே போதும்.

புதியவர்கள் மாறிப்போகும் பறவை குக்குறுவான். பப்பாசியைக் கொத்துகிறது, மரத்தில் பொந்து குடைகிறது, ஆகவே மரங்கொத்தி என்று நினைத்துவிடுகிறார்கள். வாலைப் பாருங்கள். மரங்கொத்தி வாலைத் தண்டில் ஊன்றி நிமிர்ந்து தொற்றிக்கொண்டு, விட்டு விட்டு மேலே ஏறும். குக்குறுவான் பெரும்பாலும் கிளையில் சாதாரணப் பறவைபோலக் குந்தியிருக்கும்.

3. இரண்டு கிழமை கமரா இல்லாமல் பாருங்கள்

காலை 6 மணியில் இருந்து 9 வரை, பின்னேரம் 4 மணிக்குப் பிறகு, இந்த இரண்டு நேரங்களிலும் விறாந்தையில் இருந்து பாருங்கள். கச்சான் காற்று அடிக்கும் மே முதல் ஓகஸ்ட் வரையான மாதங்களில் பகல் பத்து மணிக்கு மேல் எந்தப் பறவையும் அதிகம் அசையாது.

முதலில் காதுக்குத்தான் வேலை. மரங்கொத்தி பறக்கும்போது கனைப்பது போல நீளமாகக் கத்திக்கொண்டு போகும். வெண்மார்பு மீன்கொத்தியின் குரலும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும் என்பதால், குரல் வந்த திசையில் கண்ணால் பார்த்து உறுதிசெய்யாமல் எழுத வேண்டாம்.

நோட்டில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: எந்த மரம், எந்த உயரத்தில் இறங்கியது, அடுத்து எந்தப் பக்கம் பறந்தது. மரங்கொத்தி பொதுவாகத் தண்டின் கீழ்ப்பகுதியில் இறங்கி, சுற்றிச் சுற்றி மேலே ஏறி, உச்சியில் இருந்து அடுத்த மரத்தின் கீழ்ப்பகுதிக்குப் பறக்கும். இரண்டு கிழமையில் உங்கள் வளவுக்குள் அதற்கு ஒரு பாதை இருப்பது தெரியவரும். கட்டையை நட வேண்டியது அந்தப் பாதையில்தான். வீட்டில் இருந்து பார்க்க வசதியான இடத்தில் நட்டுவிட்டு, பறவை தன் பாதையை மாற்றிக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பதுதான் நான் அதிகம் கண்ட தவறு.

பார்க்கும் நாட்களில் பொந்து ஒன்று கண்ணில் பட்டு, அதற்குள் பறவை போய்வந்தால் அந்த மரத்தை விட்டு விலகியே இருங்கள். பொந்துக்குக் கமரா வேண்டாம். குஞ்சு வளர்க்கும் பறவை வெருண்டால் பொந்தைக் கைவிடலாம். நீங்கள் அடிக்கடி போய்வந்தால் காகமும் கவனித்துவிடும். முட்டையையோ குஞ்சையோ எடுப்பது 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம்.

4. அதே நாட்களில் வெளிநாட்டு நேரலையில் கண்ணைப் பழக்குங்கள்

அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தின் இத்தாக்கா ஊரில் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் இரைத்தட்டுகளுக்கு முன்னால் ஒரு நேரலைக் கமரா வைத்திருக்கிறது. எவரும் இலவசமாகப் பார்க்கலாம். கோடையில் அவர்களுடைய நேரம் நம்முடையதைவிட ஒன்பதரை மணி பின்னால், குளிர்காலத்தில் பத்தரை மணி பின்னால். அங்கே காலை 7 மணி என்றால் இங்கே பின்னேரம் 4:30 அல்லது 5:30. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளோடு இருந்து பார்க்க நல்ல நேரம்.

அங்கே வரும் டவுனி, ஹெயரி என்ற இரண்டு மரங்கொத்திகள் கறுப்பு வெள்ளையில் ஒன்றைப்போல ஒன்று இருக்கும். டவுனியின் சொண்டு தலையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஹெயரியின் சொண்டு ஏறத்தாழத் தலை நீளம். திரையில் அவற்றைப் பிரித்தறியப் பழகினால், நிறத்தை மட்டும் நம்பாமல் சொண்டையும் உடல் அளவையும் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். நம்முடைய கலப்பு நிறப் பறவைகளுக்கு அந்தப் பழக்கம் மிகவும் தேவை.

கமரா எவ்வளவு கிட்ட இருக்கிறது, பின்னணி எவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்பதையும் அங்கே கவனியுங்கள். அவர்கள் வைக்கும் இரையை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டாம். கம்பிக் கூட்டுக்குள் அவர்கள் வைப்பது மாட்டுக் கொழுப்பு. உறைகுளிர் ஊரில் அது கட்டியாக நிற்கும், பறவைக்குக் குளிர்தாங்கச் சக்தியும் கொடுக்கும். திருகோணமலை வெயிலில் அதே கொழுப்பு இளகி ஒழுகும், கெட்டு நாறும். இறகில் ஒட்டினால் மழைநீரைத் தடுக்கும் தன்மை போய்விடும். தேங்காய் எண்ணெயில் குழைத்து வைக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அது 25 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். இங்கே பகல் வெப்பம் அதைவிட மேலே.

5. கட்டையைத் தேர்ந்து நடுங்கள்

நம்முடைய இடத்தில் இரைத்தட்டு என்பது மரக்கட்டைதான். மரங்கொத்தி தட்டில் இறங்கித் தின்னும் பறவை கிடையாது. செங்குத்தான தண்டில் தொற்றி, வாலை ஊன்றி நின்றால்தான் அதற்குத் தலையை ஓங்கிக் கொத்த முடியும்.

கட்டை 15 முதல் 20 சென்ரிமீற்றர் விட்டம், இரண்டரை மீற்றர் நீளம் இருக்கட்டும். அதில் 60 சென்ரிமீற்றரை மண்ணுக்குள் இறக்கிக் கல் போட்டு இறுக்குங்கள். கடற்கரைப் பக்கத்து மணலில் இன்னும் கொஞ்சம் ஆழமாக. ஆடும் கட்டையில் பறவை நிற்கத் தயங்கும், படமும் ஆடும். கயிற்றில் தொங்கவிடும் கட்டை இந்தக் காற்றுக்குச் சரிவராது.

எந்த மரம் என்பதில் கவனம் வேண்டும். பட்டையோடு காய்ந்த முருங்கை, கிளிசரியா, வேம்பு, மா நல்லவை. பட்டை முக்கியம், அதன் இடுக்கில்தான் எறும்பும் புழுவும் ஒளிந்திருக்கும். சீவி அழகாக்கிய கட்டையைப் பறவை திரும்பியும் பார்ப்பதில்லை. மரக்காலையில் மருந்தில் ஊறிய கட்டையோ, பெயின்ற் அடித்ததோ கூடவே கூடாது.

பட்டுப்போன தென்னை மரங்கொத்திக்கு மிகப் பிடித்த மரம். ஆனாலும் பக்கத்தில் காய்க்கும் தென்னைகள் இருந்தால் உக்கும் தென்னங்குற்றியை நட வேண்டாம். காண்டாமிருக வண்டு பெருகும் இடம் அதுதான். பறவைக்கு வைத்த விருந்தால் தென்னம்பிள்ளைகளை இழக்கக் கூடாது. வளவில் ஏற்கனவே பட்டுக் காய்ந்து நிற்கும் வேறு மரம் இருந்து, வீட்டின் மேலோ வயரின் மேலோ விழும் ஆபத்து இல்லையென்றால் அதை வெட்டாமல் விடுங்கள். நட்ட கட்டையைவிட அது எப்போதும் மேல்.

வீட்டுச் சுவரில் இருந்து கட்டை நன்றாகத் தள்ளி இருக்கட்டும். கறையான் கட்டைக்கு வரும். அது மரங்கொத்திக்கு நல்லது, உங்கள் கூரை மரத்துக்குக் கெட்டது.

கடைசியாக, நிலத்தில் இருந்து இடுப்பளவு உயரத்தில் கட்டையைச் சுற்றித் தகரம் அடியுங்கள். தென்னையில் எலி, அணில் ஏறாமல் தகரம் கட்டுவோமே, அதே முறைதான். பூனைக்கும் சாரைப்பாம்புக்கும் அது தடை. கிறீஸ், பழைய எஞ்சின் ஒயில் பூசும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். பறவையின் காலிலும் வயிற்றிலும் அது ஒட்டும், ஆகவே வேண்டாம்.

6. துளையும் இரையும்

தகரத்துக்கு மேலே 3 சென்ரிமீற்றர் விட்டத்தில், 3 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஆறேழு துளைகள் போடுங்கள். எல்லாவற்றையும் கமரா வரப்போகும் ஒரே பக்கத்திலும் அதன் ஓரங்களிலும் போடுங்கள். கட்டையைச் சுற்றிலும் போட்டால் பறவை பின்பக்கத்தில் நின்று தின்றுவிட்டுப் போகும். திரையில் கொண்டை மட்டும் எட்டி எட்டிப் பார்க்கும். துளை மேல்நோக்கிச் சரிந்து உட்போகட்டும். அப்போது மழைத்தண்ணீர் தேங்காது.

இந்தப் பறவையின் முதன்மை உணவு எறும்பும் வண்டுப் புழுவும் கறையானும். ஆகவே முதல் இரை, விறகுக் குவியலில் கிடைக்கும் கறையான் பிடித்த மரத்துண்டு. அதைக் கட்டையின் மேற்பகுதியில் சணல் கயிற்றால் கட்டிவிடுங்கள். முசுறுக் கூடு உள்ள கிளை கிட்ட இருந்தால் அதைக் கலைக்காதீர்கள்.

துளைக்குள் வைக்க, உப்பில்லாத கச்சானை (நிலக்கடலையை) இடித்து, கொஞ்சம் சோள மாவோடு தண்ணீர் தெளித்து இறுக்கமாகப் பிசைந்து அடையுங்கள். பறவைச் சாமான் விற்கும் கடைகளில் உலர்ந்த மாவுப்புழு கிடைத்தால் அதையும் கலக்கலாம். ஒரு நாளுக்குத் தீரும் அளவு மட்டும் வையுங்கள். இந்தச் சூட்டிலும் ஈரத்திலும் கச்சான் வெகு விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த கச்சானில் உண்டாகும் நஞ்சு பறவையைக் கொல்லும். மணத்தில் சிறு சந்தேகம் இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

உப்புக் கச்சான், பாண், பிஸ்கற், மிக்சர் எதுவும் வேண்டாம். மருந்து அடித்த தென்னையில் இருந்து எடுத்த புழுவும் வேண்டாம்.

பழம் வைப்பதா என்று எல்லாரும் கேட்பார்கள். பழுத்த பப்பாசியும் வாழையும் குக்குறுவான், கொண்டைக்குருவி, குயில் எல்லாவற்றையும் கூட்டி வரும். பார்க்க அழகுதான். ஆனால் அந்தச் சந்தடியில் மரங்கொத்தி ஒதுங்கிவிடும். பழத்தை வேறொரு மூலையில் வையுங்கள். கோட்டைப் பக்கத்தில் மான் திரியும் இடங்களில் தோலும் பொலித்தீனும் வெளியே சிதறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மான்கள் தின்றுவிடும்.

தண்ணீர் வைப்பதானால் 3 முதல் 5 சென்ரிமீற்றர் ஆழமுள்ள மண்சட்டி போதும். தினமும் காலையில் பழைய தண்ணீரை ஊற்றிவிட்டுத் தேய்த்துக் கழுவி நிரப்புங்கள். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவிய விதத்தைக் கண்டவர்கள் இந்த மாவட்டத்தில் தண்ணீரைத் தேங்கவிட மாட்டார்கள்.

7. பழகும் வரை பொறுங்கள், பொம்மைப் பெட்டி ஒன்று வையுங்கள்

கட்டை நட்டு முதல் பறவை வரச் சில நாளும் ஆகலாம், சில கிழமையும் ஆகலாம். தினமும் இடத்தை மாற்றுவதால்தான் பலருடைய முயற்சி கெடுகிறது. ஒரு மாதம் ஒரே இடத்தில் விடுங்கள்.

காத்திருக்கும் நாட்களில், கமரா வரப்போகிற இடத்தில் அதே அளவில் ஒரு வெறும் பெட்டியைப் பூட்டிவிடுங்கள். ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா, மங்கிய நிறத்தில், போதும். பறவை கட்டையையும் பெட்டியையும் சேர்த்தே பழகும். பின்னால் உள்ளே கமராவை வைக்கும்போது அதற்கு ஒன்றும் புதிதாகத் தெரியாது. நன்றாக வந்துகொண்டிருந்த பறவை கமரா பூட்டிய அன்றோடு நின்றுபோனதாகச் சொல்பவர்கள் எல்லாரும் இந்தப் படியைச் செய்யாமல் விட்டவர்கள்.

8. கமரா: மெகாபிக்சலை விட லென்ஸ் முக்கியம்

கடையில் எல்லாரும் மெகாபிக்சலைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது லென்ஸின் மில்லிமீற்றர்.

வீட்டுக் காவலுக்கு விற்கும் கமராக்களில் பெரும்பாலும் 2.8 மில்லிமீற்றர் லென்ஸ் இருக்கும். அது ஏறத்தாழ 100 பாகை அகலத்தைப் பார்க்கும். மூன்று மீற்றர் தூரத்தில் வைத்தால் ஏழு மீற்றர் அகலம் படத்துக்குள் வரும். 1920 புள்ளி அகலமுள்ள படத்தில் 28 சென்ரிமீற்றர் பறவைக்குக் கிடைப்பது 75 புள்ளி அளவுதான். முதுகு மஞ்சளா சிவப்பா என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அதே தூரத்தில் 6 மில்லிமீற்றர் லென்ஸ் என்றால் 190 புள்ளிக்குக் கிட்டவும், 12 மில்லிமீற்றர் என்றால் 400 புள்ளி அளவிலும் கிடைக்கும். 400இல் நெற்றிப் புள்ளியைக்கூட எண்ணலாம். 2.8 முதல் 12 வரை மாற்றக்கூடிய லென்ஸ் உள்ள கமரா கிடைத்தால் அதையே எடுங்கள். இதற்கு 1080 தரம் தாராளம்.

2.8 லென்ஸ் கமரா ஏற்கனவே கையில் இருந்தால் ஒரு மீற்றருக்குக் கிட்டக் கொண்டுபோக நினைப்பீர்கள். அவ்வளவு கிட்டப் போனால் சில கமராக்களில் படம் மங்கும். ஃபோகஸ் தூரத்துக்கென்றே பூட்டப்பட்டிருக்கும். வாங்கும் முன் கடையிலேயே கையை ஒரு மீற்றரில் பிடித்துப் பாருங்கள்.

பழைய போனை வைக்கலாமா? ஒரு காலைப்பொழுது சோதித்துப் பார்க்கச் சரி. தொடர்ந்து சார்ஜில் போட்டு இந்தச் சூட்டில் வெளியே வைத்தால் போன் தானாக நின்றுவிடும், பற்றரி ஊதும். பற்றரி ஊதிய போனை உடனே எடுத்துவிடுங்கள்.

உடற்சூட்டைக் கண்டு இயங்கும் தானியங்கிக் கமராக்களை வனவிலங்குக்குப் பயன்படுத்துவார்கள். பகலில் சுற்றுப்புறமே 34, 35 பாகைக்குப் போகும் ஊரில் பறவையின் சூட்டுக்கும் பின்னணிக்கும் வேறுபாடு குறைவு. அதனால் அவை பாதிப் பறவையைத் தவறவிடும்.

9. இடம், திசை

கமராவைக் கட்டைக்குக் கிழக்கிலோ தென்கிழக்கிலோ வையுங்கள். மரங்கொத்தி அதிகம் வருவது காலையில். அப்போது சூரியன் கமராவின் முதுகுப் பக்கம் இருந்து பறவையின் மேல் வெளிச்சம் போடும். மேற்கில் இருந்து கிழக்கைப் பார்த்து வைத்தால் எல்லாப் படமும் கறுப்பு நிழலாக வரும். கடலைப் பின்னணியாக வைக்க ஆசைப்பட்டு இந்தத் தவறைப் பலர் செய்கிறார்கள். பின்னேர வெயில் லென்ஸில் நேரே படாமல் மேலே ஒரு சிறு தகரக் கூரை அல்லது ஓலை மறைப்பு வேண்டும்.

உயரம், கட்டையின் துளைகளுக்கு நேராக. கீழிருந்து மேலே பார்த்தால் வானத்தின் வெளிச்சத்தில் பறவை இருண்டுபோகும். தூரம் மூன்று மீற்றர் நல்லது.

பின்னணியில் அசையும் வாழை இலை, கொடியில் காயும் உடுப்பு, வீதி எதுவும் இருக்கக் கூடாது. அசைவைக் கண்டதும் பதிவுசெய்யும்படி விட்டால், கச்சான் காற்று நாளில் கார்ட் முழுக்க வாழை இலைதான் இருக்கும்.

கிணத்தடி, அயலவரின் யன்னல் படத்துக்குள் வரவே கூடாது. திருகோணமலையில் இன்னொன்றும் உண்டு. துறைமுகம், கடற்படை, இராணுவ முகாம் இருக்கும் திசைக்குக் கமராவைத் திருப்ப வேண்டாம், அது எவ்வளவு தூரத்தில் இருந்தாலும். முன்னால் கட்டை, பின்னால் உங்கள் வளவின் மதில் அல்லது செடிவேலி. அதுவே பறவைக்கும் நல்ல பின்னணி.

10. மின்சாரமும் இணையமும்

230 வோல்ற் வயரை வளவுக்குள் இழுக்காதீர்கள். அடப்ரரை வீட்டுக்குள் வைத்து, 12 வோல்ற் வயரை மட்டும் வெளியே கொண்டுபோங்கள். நனைந்த மண்ணில் வெறுங்காலோடு திரியும் வீட்டில் இதில் விட்டுக்கொடுக்க முடியாது. இணைய வயரிலேயே மின்சாரமும் போகும் வகைக் கமரா இன்னும் நல்லது. ஒரே வயர், 100 மீற்றர் வரை போகும்.

வைபை என்றால் கமராவைப் பூட்டும் முன் போனோடு கட்டையடிக்குப் போய் ஒரு வீடியோ ஓடவிட்டுப் பாருங்கள். கொங்கிறீற் சுவர் தாண்டினால் 5 கிகாஹேர்ட்ஸ் அலை சீக்கிரம் தளரும், 2.4ஐத் தெரிவுசெய்யுங்கள்.

கடற்கரைக்குக் கிட்ட உள்ள வீடுகளில் உப்புக்காற்று ஒரு வருடத்துக்குள் பிளக்கின் உலோகத்தைப் பச்சையாக்கிவிடும். இணைப்புகளை ஒரு மூடிய டப்பாவுக்குள் வைத்து, வாய்ப்பகுதி கீழ்நோக்கி இருக்கும்படி கட்டுங்கள். வயர் டப்பாவுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விடுங்கள். தண்ணீர் அதில் சொட்டிப் போய்விடும்.

மின்வெட்டுக்கு, ரூட்டருக்கும் கமராவுக்கும் சேர்த்து ஒரு சின்ன யூபிஎஸ் போதும்.

11. கமராவின் அமைப்புகள்

இரவுக்கான அகச்சிவப்பு விளக்கை அணைத்துவிடுங்கள். மரங்கொத்தி இரவில் பொந்துக்குள் தூங்கும், கட்டைக்கு வராது. விளக்கு எரிந்தால் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், காலையில் லென்ஸின் குறுக்கே வலை இருக்கும்.

நொடிக்கு 25 பிரேம் வையுங்கள். 15இல் கொத்தும் தலை விட்டு விட்டுத் தாவுவதாகத் தெரியும்.

அசைவுப் பதிவை நம்பாமல், காலை 6 முதல் 10 வரை தொடர்ந்து பதிவாகும்படி நேரம் குறியுங்கள். நொடிக்கு 2 மெகாபிற் வேகத்தில் ஒரு மணிநேரத்துக்கு 0.9 கிகாபைற். நாளுக்கு நாலு மணிநேரம் என்றால் 64 கிகாபைற் கார்ட் இரண்டு கிழமைக்கு மேல் தாங்கும். 24 மணிநேரமும் ஓடவிட்டால் மூன்று நாளில் நிறைந்து பழையதை அழிக்கத் தொடங்கும்.

கமராவோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். இதைத் தள்ளிப்போடும் வீடுகள் ஏராளம்.

12. நேரலை

பதிவு ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகே இதற்கு வாருங்கள். தனியே உங்கள் குடும்பத்துக்கு, கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தத்துக்கு மட்டும் காட்டுவதானால் கமராவின் சொந்தச் செயலியில் அவர்களுக்கு அனுமதி கொடுத்தால் போதும்.

எல்லாருக்கும் காட்டுவதானால் யூடியூப் வசதியானது. உங்கள் தொலைபேசி எண்ணால் கணக்கை உறுதிசெய்து நேரலைக்கு விண்ணப்பியுங்கள். முதன்முறை திறக்க 24 மணிநேரம் வரை ஆகும் என்பதால் முந்தின நாளே செய்யுங்கள். போனில் இருந்து நேரலை செய்யக் குறைந்தது 50 சந்தாதாரர் வேண்டும். கணினியில் இருந்து செய்ய அந்தக் கட்டுப்பாடு இல்லை. கமராவின் படத்தை ஆர்டிஎஸ்பி (RTSP, கமராவின் படத்தை வேறு மென்பொருள் எடுக்க விடும் வழி) முகவரி மூலம் கணினியில் உள்ள ஓபிஎஸ் (OBS) என்ற நேரலை மென்பொருளுக்கு எடுத்து, அங்கிருந்து யூடியூப்புக்கு அனுப்ப வேண்டும். ஆகவே வாங்கும்போதே, ஆர்டிஎஸ்பி உண்டா என்று கடையில் கேளுங்கள். தன் செயலியில் மட்டும் காட்டும் கமராவை வைத்துக்கொண்டு இந்தப் படியில் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம்.

டேட்டாவைக் கணக்குப் பாருங்கள். மேலே சொன்ன அதே 2 மெகாபிற்றில் தினம் மூன்று மணிநேரம் என்றால் மாதத்துக்கு 80 கிகாபைற் அளவு போகும். ஒரே ஓட்டத்தில் 12 மணிநேரத்தைத் தாண்டினால் யூடியூப் அதை முழுதாகச் சேமிக்காது. காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று பிரித்துவிடுங்கள்.

ஒலியைப் பற்றி யோசித்து முடிவெடுங்கள். கொத்தும் சத்தமும் அந்தக் கனைப்பும் கேட்டால் நேரலைக்கு உயிர் வரும். ஆனால் வீட்டுப் பேச்சும் கேட்கும். கோவில் திருவிழா ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடினால் யூடியூப் உரிமைப் பிரச்சினை என்று நேரலையை நிறுத்தவும் கூடும். திருவிழா நாட்களில் மைக்கை அணைத்துவிடுங்கள்.

வீட்டு முகவரி, வீதிப் பெயர் தலைப்பில் வேண்டாம். ஊரின் பெயரோடு நிறுத்துங்கள்.

பார்த்தவற்றை, பறவை பார்ப்பவர்கள் தாம் கண்டதைப் பதியும் ஈபேர்ட் (eBird) தளத்தில் திகதி, நேரம், ஆணா பெண்ணா, முதுகு நிறத்தோடு பதியுங்கள். நிறம் சந்தேகமானால் ஒரு இனத்தின் பெயரை வலிந்து போடாமல் படத்தை இணைத்து, கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். கலப்பு நிறப் பறவையைப் பற்றிய குறிப்புக்குத் திருகோணமலையில் தனி மதிப்பு உண்டு.

13. கிழமைக்கொரு வேலை, மாரிக்கொரு வேலை

கிழமைக்கு ஒருமுறை துளைகளில் மிச்சமானதைச் சுரண்டி எடுத்து, கொதிநீர் ஊற்றிக் காயவிடுங்கள். லென்ஸை முதலில் நல்ல தண்ணீர் தொட்ட மென்துணியால் ஒற்றி உப்பை எடுங்கள், அப்புறம் காய்ந்த துணியால் துடையுங்கள். காய்ந்த உப்பின் மேல் நேரே துடைத்தால் கண்ணாடி கீறும்.

சோர்ந்து, இறகு உப்பி, அசையாமல் நிற்கும் பறவையைக் கட்டையில் கண்டால் இரை வைப்பதை இரண்டு கிழமை நிறுத்துங்கள். நோய் பரவுவது ஒரே இடத்தில் பல பறவைகள் கூடுவதால்.

ஒக்டோபரில் இடிமழை தொடங்கும். முழக்கம் கேட்டதும் கமராவின் மின்வயரையும் இணைய வயரையும் இரண்டையும் கழற்றுங்கள். மின்வயரை மட்டும் கழற்றிவிட்டு இணைய வயரை விட்டால் மின்னல் அதன் வழியே ரூட்டருக்குள் வரும்.

நவம்பரில் இருந்து வாடைக் காற்றும் அடைமழையும் கடுமையாகும் நாட்களில் கமராவைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். பெட்டி அதன் இடத்திலேயே இருக்கட்டும். பிசைந்த இரையையும் நிறுத்துங்கள். ஈரத்தில் ஒரு பகலுக்குள் பூஞ்சணம் வரும். மழையில் ஊறிய கட்டையில் எறும்பும் புழுவும் தாமாகப் பெருகும்; பறவை அதற்கு வரும். தை பிறந்து மழை விட்டதும் கட்டையை அசைத்துப் பாருங்கள். அடி உக்கியிருந்தால் பக்கத்தில் ஒரு புதுக்கட்டையை நட்டு, பறவை அதற்கு மாறிய பிறகு பழையதை எடுங்கள்.